சாட்சி சொல்லாமல் தப்பிக்க ஒரு வழி வேண்டும்

பரளச்சி
12.1.94

அன்பும் மரியாதையும் உள்ள பியூலா சித்திக்கு, உங்கள் அக்காள் மகள் சுஜிதா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கு அப்பா, அம்மா, இரண்டு வெள்ளாடுகள் எல்லாரும் சுகம். என்னைப் பற்றி மட்டும் வீட்டில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

மதுரை டாக்டர் கடைசி மாத்திரையையும் நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. "எப்பவாவது படபடன்னு வரும். வந்தா ஓடாத, நின்ன இடத்துலயே நில்லு, தானா அடங்கிரும். பயந்த இடத்துக்குப் போறத மட்டும் விட்றாத" என்று அவர் சொன்னபோது நீங்களும் பக்கத்தில் இருந்தீர்கள். ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை ஹாலைவிட்டு ஓடிவந்து, அதோடு பள்ளிக்கூடத்தையே விட்டவள் நான். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. அம்மாவுக்குப் புரிந்தது வேறு. இனி படபடப்பு வரவே கூடாது. அதனால் வந்துவிட்டதா என்று மணிக்கு ஒரு தரம் விசாரிக்கிறாள். "ஏ புள்ள, நெஞ்சு அடிக்குதா?" "அடிக்கத்தானம்மா செய்யும்" என்றால் அப்பாவைக் கூப்பிடுகிறாள்.

அப்பாவின் தையல் கடைக்கு நூல்கண்டு வாங்க, செவ்வாய்தோறும் நான் தனியாக அருப்புக்கோட்டை போகிறேன். இப்போது எனக்கு மருந்து அது ஒன்றுதான். நேற்று அம்மா பஸ் வரைக்கும் வந்து கண்டக்டர் பூமிநாதனிடம், எல்லாருக்கும் கேட்கும்படி, "புள்ளைக்கு நெஞ்சு படபடப்பு வரும்ணே, ஒரு கண்ணு வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் ஒரு கண் வைத்தார், மற்றவர்கள் இரண்டு கண்ணும் வைத்தார்கள். நான் சும்மா கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக் கருத்தம்மாள் அத்தை, "ஏப்பா, புள்ள முழி சரியில்லையே" என்றாள். உடனே ஒருத்தி முந்தானையால் விசிறினாள், வலிப்பு என்று நினைத்து ஒரு பெரியவர் தன் சாவிக்கொத்தை என் கையில் திணித்தார், இத்தனை பேர் சுற்றி நின்றால் மூச்சு எங்கே கிடைக்கும், வந்துவிட்டது. "இந்தா, நாஞ் சொன்னேன்ல!" என்று அத்தைக்கு ஒரே திருப்தி. நிற்கலாம் என்றால் விடாமல் பின்சீட்டில் படுக்கவைத்தார்கள். பெரியவர் வழியில் இறங்கிப் போய்விட்டார். எந்த ஊர் வீட்டுச் சாவியோ, என்னிடம் இருக்கிறது.

இதைவிடப் பெரிய கஷ்டம் வருகிற 23ஆம் தேதி. எனக்குச் சுகமானால் ஆராதனையில் நானே எழுந்து, ஆண்டவர் சுகம் தந்தார் என்று சாட்சி சொல்வதாக அம்மா ஆண்டவரிடம் நேர்ந்து பொருத்தனை செய்திருக்கிறாள். சாட்சியையும் அவளே எழுதிவிட்டாள். அதில் "இனி ஒருக்காலும் வராது" என்று ஒரு வரி. "வந்தாம்மா?" என்றேன். "சாட்சி சொன்ன பெறகு வந்தா ஆண்டவருக்குல்ல அவமானம்" என்றாள். தண்ணீர் கேட்கவே வாய் வராதவள் நான். பயந்த இடத்துக்குப் போகச் சொன்ன டாக்டர், அங்கே எண்பது பேர் முன்னால் பொய் சொல்லச் சொல்லவில்லை. ஒரு வருஷத்துக்குச் சாட்சி கூடாது என்று டாக்டர் சொன்னதாக அப்பாவுக்கு ஒரு கடிதம் போடுங்கள் சித்தி. உங்கள் எழுத்தென்றால் அவர் நம்புவார்.

சித்தப்பாவுக்கு என் ஸ்தோத்திரம். கர்த்தர் உங்கள் எல்லாரையும் காப்பாராக. முடிந்தால் 23க்குள் என்னையும்.

சுஜிதா

பின்குறிப்பு: தபால்பெட்டி வரைக்கும், செவ்வாய்க்கிழமை பஸ்ஸிலும் அம்மா துணைக்கு வந்ததால் அவளுக்குத் தெரியாமல் இதைப் போட முடியவில்லை. இன்று 23. நீங்கள் எழுத வேண்டாம், சாட்சி முடிந்துவிட்டது. எழுந்ததுமே வந்தது சித்தி, பரீட்சை ஹாலில் வந்த அதே அளவு. கதவு பக்கத்தில்தான் இருந்தது. "ஒருக்காலும் வராது" என்ற வரிக்கு வந்ததும் வாசிக்க முடியாமல், "இப்ப வந்துருக்கு. அடங்குனதும் சொல்றேன்" என்றேன். சபை முழுக்கக் காத்திருந்தது. உபதேசியார் ஆமென் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் புத்தகத்தைத் திறந்து திறந்து மூடினார். கொஞ்ச நேரத்தில், "போயிருச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வியாதி திரும்பிவிட்டது என்று அம்மா அழுதுகொண்டே மதுரைக்குத் துணி எடுத்துவைக்கிறாள். நாளை மத்தியானம் உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவோம், கடிதத்தைக் கையிலேயே கொண்டுவருகிறேன். நான் ஓடவில்லை என்பதை நீங்களாவது அவளுக்குச் சொல்லுங்கள்.