நேத்து என்ன சாப்பிட்டீங்க?

"எல்லாம் நார்மல். குடல் தங்கமா இருக்கு," என்று கவுண்ட்டர்க்கார அம்மா ரிசல்ட்டை நீட்டினாள்.

பள்ளிக்கூட பஸ் டிரைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நல்லாப் பாருங்க மேடம். வேற யாரோடதாவது மாறியிருக்கும்."

"மாறாது சார். டப்பாவுல நானேதான் பேர் ஒட்டினேன்."

மனைவி தவறிய நான்கு வருடமாகக் கண்ட நேரத்தில் கண்டதைத் தின்று வயிறு உப்பிக்கொண்டதால்தான் அவர் இந்த லேபுக்கு வந்தார். சிறுநீரை வைத்தே குடலின் லட்சணத்தைச் சொல்லிவிடுவார்களாம், கட்டணமும் கையைக் கடிக்காதாம். வந்த இடத்தில் வேறு வினை காத்திருந்தது. முதல் தடவை டப்பாவை வாங்கிய கையோடு அந்த அம்மா பேனாவை எடுத்து, "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

"ரெண்டு பன்னு."

"ராத்திரிக்கு?"

"அதுல மிச்சம்."

"அடக் கடவுளே," என்றபடி எழுதிக்கொண்டாள்.

தினமும் நாற்பது பிள்ளைகள் பஸ்ஸில் தொண்டை கிழியக் கத்துகின்றன. ஒன்றாவது அவரிடம் இதைக் கேட்டதுண்டா? ஃபாரத்தில் இருக்கிற கேள்வி, வருகிறவர்கள் எல்லோரிடமும் கேட்பாள் என்று அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன பண்ண? இன்னொரு தடவை கேட்கமாட்டாளா என்று மனசு கிடந்து ஏங்கியது.

நார்மல் என்றால் இனி இங்கே அவருக்கு என்ன வேலை?

"இன்னும் உப்பிக்கிட்டுத்தான் இருக்கு மேடம்," என்று புளுகினார்.

"அப்ப அடுத்த வாரம் மறுபடி குடுத்துப் பாருங்க."

அந்த வாரம் முழுக்க முக்குக் கடையில் எண்ணெய் சொட்டச் சொட்ட வாங்கித் தின்றார். ரிசல்ட் முன்னைவிடப் பிரமாதமாக வந்தது. சமயம் பார்த்துக் காலை வாரிவிட்டதே என்று தன் வயிற்றையே திட்டித் தீர்த்தார்.

குடலை நம்பினால் கதைக்கு ஆகாது. பீட்ரூட் தின்றால் சிறுநீர் சிவப்பாகப் போகும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. முழுசாக ஒரு கிலோவை வேகவைத்து ஒரே மூச்சில் முடித்தார். காலையில் டப்பாவைப் பார்த்து அவரே பயந்துபோனார்.

கவுண்ட்டரில் அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

உண்மையைச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். "வழக்கம்போல பன்னுதான்," என்றார். அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன முதல் பொய் அது.

பேனா அப்படியே நின்றுவிட்டது. "இனிமே இங்க வராதீங்க சார். நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க," என்றாள். குரல் உடைந்திருந்தது.

மறுநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டதும் அடித்துப் பிடித்துக்கொண்டு லேபுக்கு ஓடினார். அவளுடைய நாற்காலி காலியாக இருந்தது. பரிசோதனை செய்யும் டெக்னீஷியன்தான் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"அவங்க இன்னிக்கு லீவு. என்ன விஷயம்ணே?"

"ஒரு தப்பு நடந்துபோச்சு. நான் தின்னது பன்னு இல்ல, பீட்ரூட்டு. ஃபாரத்துல மட்டும் கொஞ்சம் மாத்தி எழுதிடுங்க."

டெக்னீஷியன் அவருடைய ஃபாரத்தைத் தேடி எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"சாப்பாட்டைப் பத்தி இதுல கேள்வியே கிடையாதேண்ணே! ஓரத்துல அவங்களாத்தான் எழுதி வெச்சிருக்காங்க. அவங்க வேற யார்கிட்டயும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததும் இல்லையே?"