பேச்சியின் பச்சைப் புள்ளி

ஒரு காட்டில், சிங்கம் போய்ச் செல்போன் கோபுரம் வந்துவிட்ட காலத்தில், பேச்சி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். ஓடைக்குக் கீழே பள்ளத்தில் அவள் வளை. போன ஐப்பசியில் ஓடை பெருகி வளைக்குள் புகுந்து, மூன்று நாள் ஒரு பாறைமேல் பட்டினி கிடந்தவள். அப்போது அவள் தனி ஆள். இப்போது வளைக்குள் பிறந்து எட்டே நாளான இரண்டு குட்டிகள். மழைக்கு இன்னும் இருபது நாள்தான்.

காட்டுச் சபையும் சும்மா இல்லை. ஓடைத் தண்ணீரைத் திருப்பிப் பழைய குட்டையில் விட ஒரு வாய்க்கால் வெட்டச் சொல்லி உத்தரவு போட்டது. தோண்ட பேச்சி. கரை சரியாமல் புல் பின்ன சன்னாசி என்ற தூக்கணாங்குருவி. கல் சுமக்க சூசை என்ற ஆமை. மூன்று பேரையும் மேய்க்க மேலாளர் ஒருவர் வேண்டாமா? வந்தார் கனகசபை. தேவாங்கு. மலைமேல் பத்து நாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு இறங்கியவர்.

முதல் நாளே செல்போனில் முழித்துக்கொண்டு வந்து நின்றார்.

"இனிமேல் எல்லாரும் அவரவர் இடத்திலிருந்தே வேலை. நேரில் கூடுவதெல்லாம் பழைய முறை. உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி இருக்கும். பச்சையாக இருந்தால் வேலை செய்கிறீர்கள். மஞ்சளாகிவிட்டால் தூங்குகிறீர்கள்."

"வாய்க்கா ஓடைக்கரையிலல்ல சார் வெட்டணும்?" என்றாள் பேச்சி. "வளைக்குள்ள உக்காந்து எதை வெட்டுறது?"

"அது செயல்படுத்தும் கட்டம். நாம் இன்னும் ஒருங்கிணைப்புக் கட்டத்திலேயே இருக்கிறோம்."

பேச்சிக்கு ஒரு எழவும் புரியவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கரைக்குப் போய்த் தோண்ட ஆரம்பித்தாள். ஐந்து நிமிஷம் போனைத் தொடாவிட்டால் புள்ளி மஞ்சளாகிவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மணி அடித்தது.

"பேச்சி, மஞ்சள்!"

"ரெண்டு கையிலயும் மண்ணு சார்."

"மண் எனக்குத் தெரியாது. புள்ளிதான் தெரியும்."

இதோடு விட்டாரா? தினமும் காலையில் நின்றபடியே ஒரு கூட்டம். சுருக்கமாக முடியவேண்டும் என்பதற்காக நிற்கச் சொன்னாராம். உச்சிவெயில் வரை நடக்கும். "நான் நின்னாலும் உக்காந்தாலும் ஒண்ணுதான் சார்" என்று சூசை உள்ளதைச் சொன்னதற்கு, ஒத்துழைக்க மறுப்பதாக அவனிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம். ஐந்தாம் நாள் மண்ணுக்குள் பாறை தட்டியது. வாய்க்காலை இடது பக்கம் கொஞ்சம் வளைக்கலாமா என்று பேச்சி கேட்டுத் தொலைத்தாள். அவ்வளவுதான். அதற்கு மட்டும் நாலு நாள் கூட்டம். கடைசியில் பாறையிடமும் ஒரு விளக்கம் கேட்டு வாங்கலாம் என்று முடிவாயிற்று.

ஒன்பது நாள் ஓடிப்போனது. வாய்க்கால் பன்னிரண்டு அடி நீளம். பேச்சி வளைக்கு வந்து குட்டிகளைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று கிடந்து தூங்கின. ஓடத் தெரியாது, மிதக்கத் தெரியாது. "பாவிப்பய புள்ளியில எம் புள்ளைக போயிரும் போலயே" என்று வாய்விட்டு அழுதாள்.

வெளியே வேலியில் உட்கார்ந்திருந்த ஓணான் அதைக் கேட்டுத் தலையாட்டியது.

பேச்சி அழுகையை நிறுத்தினாள். "எனக்காக ஆட்டுறியா, இல்ல சும்மாவே ஆட்டுவியா?"

ஓணான் அதற்கும் ஆட்டியது.

சும்மா சொல்லக்கூடாது, பேச்சிக்கு மூளை உண்டு. அன்றைக்கே தான் உதிர்த்த நாலு முள்ளை வேலம்பிசினால் ஓணான் முதுகில் ஒட்டினாள். போன்மேல் தேனை லேசாகத் தடவினாள். தேனுக்கு ஈ வரும். ஈயைப் பிடிக்க ஓணான் நாக்கை நீட்டும். நாக்கு பட்டால் புள்ளி பச்சை. தோண்டும்போது கிளம்பும் கறையான் எல்லாம் ஓணானுக்கு என்று பேச்சு. மறுநாள் சன்னாசிக்கும் சூசைக்கும் ஆளுக்கொரு ஓணான் ஏற்பாடாயிற்று, எல்லாம் ஒரே குடும்பம்.

அதற்கப்புறம் கூட்டம் அமோகமாக நடந்தது.

"எல்லாருக்கும் புரிகிறதா?" மூன்று தலைகள் ஆடின.

"ஞாயிற்றுக்கிழமையும் கூட்டம் வைக்கலாமா?" இன்னும் வேகமாக ஆடின.

கனகசபைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இப்படியொரு குழு எந்தக் காட்டிலும் இல்லை என்று சபைக்கு எழுதினார்.

இங்கே ஓடைக்கரையில் மூவரும் முதல்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "ஏலே சன்னாசி, அந்தப் பக்கம் சரியுது பாரு!" என்றால் அவன் பறந்து வந்து பின்னினான். பாறை குறுக்கே நின்றதா, வளைத்துக்கொண்டு போனார்கள். யாரையும் கேட்கவில்லை. பத்தே நாளில் வாய்க்கால் குட்டையைத் தொட்டது.

பாக்கி இருந்தது ஒன்றுதான். ஓடைக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஒரு மண்தடுப்பு. அதை உடைக்க மேலாளர் ஒப்புதல் வேண்டும், மீறினால் காட்டைவிட்டே வெளியேற்றம் என்று உத்தரவிலேயே எழுதியிருந்தது.

இருபதாம் நாள் விடியும்போதே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஓடை மளமளவென்று ஏறிப் பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தது. பேச்சி போன் போட்டாள். மேலாளர் கூட்டத்தில் இருப்பதாகப் பதில் வந்தது. சூசையைக் குட்டிகளுக்குக் காவல் வைத்துவிட்டு, கனகசபையின் அத்திமரத்துக்கு மூச்சிரைக்க ஓடினாள்.

தாழ்ந்த கவட்டில் போன். அதன் எதிரே, முகத்தில் இரண்டு பெரிய பூந்திக்கொட்டைகளைத் தேவாங்குக் கண்போல ஒட்டிக்கொண்டு ஓர் ஓணான் உட்கார்ந்திருந்தது. போனுக்குள் மூன்று ஓணான்கள். இது ஆட்டியது. அவை ஆட்டின. கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பின்னால் இலைக்குள் சுருண்டு கனகசபை குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்களா அக்கா?" என்றது ஓணான். "ஒரு வாரமா நாந்தான். சாருக்குப் பகல்ல கண்ணு நிக்காது, என்னைய உக்கார வெச்சிட்டுப் படுத்துட்டாரு. நானும் எங்க தம்பிமாரும் பேசி எல்லாத்தையும் ஒருமனதா நிறைவேத்திட்டோம்."

பேச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதுகு முள்ளால் ஒரே குத்து, அலறிக்கொண்டு எழுந்திருப்பார். திரும்பி நின்று முள்ளை விரித்தேவிட்டாள். அப்போதுதான் நாலு நாள் கூட்டம் போட்ட அந்தப் பாறை ஞாபகம் வந்தது. எழுந்தால் என்ன சொல்வார்? எல்லாரையும் கூப்பிடு, நின்றபடி பேசுவோம் என்பார். பள்ளத்தில் தண்ணீர் குட்டிகளின் காலைத் தொட்டிருக்கும்.

முள்ளை மடக்கினாள். ஓணானிடம் குனிந்து கேட்டாள்.

"மண்தடுப்பை உடைக்கட்டுமா?"

ஓணான் தலையாட்டியது. ஈ ஒன்று போனில் 'ஒப்புதல்' என்ற கட்டத்தில் வந்து உட்கார்ந்தது. நாக்கு நீண்டது.

பேச்சி ஓடிய ஓட்டம் இருக்கிறதே! நாலே உதையில் தடுப்பு விழுந்தது. வளையின் வாசல்வரை வந்த தண்ணீர் தயங்கி, பின்வாங்கி, வாய்க்காலில் பாய்ந்தது. உள்ளே குட்டிகளுக்குக் கால்கூட நனையவில்லை. பேச்சி அவற்றை மோந்து மோந்து பார்த்தாள்.

மழை விட்டதும் சபை கூடி, தொலைவிலிருந்தே குழுவை வழிநடத்திய திறமைக்காகக் கனகசபைக்கு மாலை போட்டது. வெயிலடிக்கும் நேரம். மாலை கழுத்தில் விழுவதற்குள்ளேயே தலை தொங்கிவிட்டது.

"யாரும்மா அந்தச் சாரு?" என்று குட்டி ஒன்று உரக்கக் கேட்டது.

"உஸ்" என்று அதன் வாயைப் பொத்தினாள் பேச்சி. "எந்திரிச்சிரப் போறாரு."

நீதி: மேலாளர் தூங்கினால் எழுப்பாதீர்கள், வேலை நடந்துகொண்டிருக்கிறது.