சத்தம் புகாத பெட்டி

பத்தொன்பது நாட்களாக அவளுக்கும் கடவுளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சண்டை ஒன்றும் இல்லை. நேரம்தான் இல்லை.

விடியற்காலையில் எழுந்து பார்த்தாள். முழங்கால் தரையைத் தொட்ட சத்தத்துக்கே மாமியார் விழித்துக்கொண்டார். "ஏம்மா, எழுந்துட்டியா? அப்படியே எனக்குக் கொஞ்சம் வெந்நீர் வச்சிடு."

குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பார்த்தாள். கதவின் அடியிலிருந்து மகளின் விரல்கள் நீண்டன. "அம்மா, உள்ளே யார்கிட்ட பேசுற?"

அவள் ஒரு காது மருத்துவமனையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களைச் சத்தம் புகாத ஒரு பெட்டி போன்ற அறைக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பாள். "சின்ன சத்தம் கேட்டாலும் அமுக்குங்க" என்பாள். ஒன்றுமே கேட்காதவர்களும், அவள் மனம் நோகக்கூடாதென்று இரண்டு தடவை அமுக்கிவிட்டுப் போவார்கள்.

அன்று மதிய இடைவேளையில் அந்த அறை காலியாக இருந்தது. அவள் உள்ளே போய்க் கனமான கதவை இழுத்துச் சாத்தினாள்.

உலகம் நின்றது. சுவர்களின் சாம்பல் நிறப் பஞ்சு எல்லாவற்றையும் குடித்துவிட்டது. சற்று நேரத்தில் தன் இரத்தம் ஓடுவதே கேட்டது, தூரத்தில் எங்கோ மழை பெய்வதைப் போல. சுவரிலிருந்த கண்ணாடி ஜன்னல் வழியே யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். பிறகு கண்ணை மூடி, "ஆண்டவரே, நான்தான்" என்றாள்.

அதற்குமேல் சொல்வதற்குள் கதவு திறந்தது. டாக்டர்.

"என்னம்மா, சாப்பிடாம இங்க என்ன பண்றீங்க?"

ஜெபம் செய்கிறேன் என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. "காது கொஞ்சம் மந்தமா இருக்கு சார். சும்மா டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்னு..."

"உங்களுக்கு நீங்களே எப்படிப் பண்ணுவீங்க? உக்காருங்க, நான் பாக்கறேன்."

அவள் கையில் பொத்தானைக் கொடுத்துவிட்டுக் கதவை மூடினார். டாக்டர் வெளியே மெஷின் முன்னால் உட்கார்ந்தார். இன்னும் பத்து நிமிடம் கிடைத்ததே என்று அவள் கண்ணை மூடினாள். மழை மறுபடி தொடங்கியது. அந்த மழைக்குள் யாரோ மெல்ல நடந்து வருவதுபோல் இருந்தது. எங்கிருந்தோ சன்னமாகச் சில மணியோசைகள் வந்தன. அவற்றையும் பரலோகத்துக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். கையில் பொத்தான் இருந்தது நினைவிலேயே இல்லை.

டாக்டர் கதவைத் திறந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"எப்போலேருந்தும்மா இப்படி? உதட்டைப் பாத்தே சமாளிச்சிட்டிருந்தீங்களா?" என்று கத்தினார்.

"அது வந்து சார்..." என்று அவள் இழுத்தாள். அவர் கையமர்த்திவிட்டு, ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினார். ஒரு வாரம் லீவு. வீட்டில் முழு ஓய்வு. அப்புறம் மறுபடி டெஸ்ட்.

ஒரு வாரம்! அவள் வாய் தானாக மூடிக்கொண்டது.

டாக்டர் அவள் கணவனுக்குப் போன் செய்துவிட்டிருந்தார். அன்று மாலை வீடே கத்தியது. "தண்ணி... வேணுமா?" என்று இரண்டு தெருவுக்குக் கேட்கும்படி மாமியார் விசாரித்தார். கணவன் போதகருக்குப் போன் செய்து ஜெபிக்கச் சொன்னான். மகள் அவள் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, "உள்ளே ஒண்ணுமே இல்லையே" என்றாள்.

மறுநாள் தொண்டை கட்டிப்போய் எல்லாரும் ஓய்ந்தார்கள். சட்டை எங்கே, சீப்பு எங்கே என்று கேட்க ஆள் இல்லாமல் போனதும் சட்டையும் சீப்பும் தாமாகவே கிடைத்தன. சமையலறையில் மட்டும் ஒரு பாத்திர மூடி தடாலென்று விழுந்தது. அவள் துள்ளினாள். மாமியார் திரும்பிப் பார்த்தார். அவள் அவசரமாக இல்லாத கொசு ஒன்றை அடித்தாள்.

பிறகு படுக்கையறை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். திரைச்சீலை மூச்சு விடுவதுபோல் உப்பி அடங்கியது. "ஆண்டவரே, நான்தான்."

கணவன் வந்து கட்டிலில் உட்கார்ந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னான். "புது மேனேஜர் என்னைக் கண்டாலே எரிஞ்சு விழறாரு. தினமும் ஆபீஸ் வாசல்ல வண்டியிலேயே உக்காந்திருக்கேன். உள்ளே போகவே பயமா இருக்கு. சொன்னா நீ கவலைப்படுவே."

அவளுக்குப் பதில் தொண்டை வரை வந்தது. காது கேட்காதவள் எப்படிப் பதில் சொல்வாள்? திரைச்சீலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எழுந்து, பாரம் இறக்கிவைத்தவன்போல் போனான்.

"ஆண்டவரே, அவரைப் பாத்துக்கோங்க. அப்புறம் நான்..."

மகள் வந்தாள். "அம்மா, ஸ்கூல்ல நீ டாக்டர்னு சொல்லிட்டேன். எங்கம்மா விமானமும் ஓட்டுவாங்கன்னு சொல்லிட்டேன். இப்ப எல்லாரும் உன்னைப் பாக்கணுங்கறாங்க."

மாமியார் துணி மடிக்கும் சாக்கில் வந்தார். "நீலக் கண்ணாடி ஜாடிய உடைச்சது பூனை இல்ல. நான்தான்." ஒரு துண்டை நான்காக மடித்தார். அதைப் பிரித்து மறுபடி மடித்தார். "உன்மேல எனக்கு உசிரு. சொன்னா நீ தலைமேல ஏறி உக்காந்துக்குவியோன்னுதான் அதட்டிக்கிட்டே இருந்தேன்."

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கொட்டாவி விட்டுச் சமாளித்தாள்.

அதோடு நிற்கவில்லை. நாளாக ஆகக் கதவுக்கு வெளியே வரிசையே நின்றது.

"பாட்டி, நீங்க காலையிலேயே பேசியாச்சு. இப்ப என் முறை."

"பொடிசு, உனக்கு அப்படி என்ன தலைபோற ரகசியம்? ரெண்டே வார்த்தை, சொல்லிட்டு வந்துடறேன்."

முன்பு வேலைக்காகக் கூப்பிட்டவர்கள் இப்போது வேலை இல்லாமலே வந்தார்கள். அவள் கண்ணை மூடினால், அவர்கள் சொன்னதை மேலே அனுப்பவே நேரம் சரியாக இருந்தது. தன் பேச்சை எடுக்கும்போது தூக்கம் வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை கணவன் போனை அவள் முன் நீட்டினான். போதகரின் செய்தி. ஞாயிறு ஆராதனையில் அவளை முன்னால் நிறுத்தி, சபை முழுவதும் அவள் காதுக்காக ஜெபிக்கப்போகிறது.

ஜெபம் முடிந்ததும் கேட்கிறது என்று அவள் சொன்னால், கடவுள் செய்யாத அற்புதம் அவர் தலையில். கேட்கவில்லை என்றால், செய்யாத குற்றம் அவர் தலையில். அவரோடு தனியாகக் கொஞ்ச நேரம் இருக்க ஆசைப்பட்டு, கடைசியில் அவர் பேரையே கெடுக்கப்போகிறாள். இனி எந்த முகத்தோடு அவர் முன்னால் போய் "நான்தான்" என்பது?

சனிக்கிழமை மாலை எல்லாரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி இருந்தபோது எழுந்து நின்றாள்.

"எனக்குக் காது நல்லா கேக்குது. எப்பவுமே கேட்டுச்சு. அன்னைக்கு அந்தப் பெட்டிக்குள்ள ஜெபம் பண்ணிட்டிருந்தேன். பொத்தானை அமுக்க மறந்துட்டேன். நீங்க சொன்னதெல்லாம் கேட்டேன். மன்னிச்சிடுங்க."

கணவன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. மகள் காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். யாரும் அதிர்ந்ததாகத் தெரியவில்லை.

மாமியார் அவளுடைய தட்டை அவள் பக்கம் நகர்த்திவைத்தார்.

"தெரியுமே. கேக்காத ஆள்கிட்ட யாராவது வேலை மெனக்கெட்டு வந்து இவ்வளவு சொல்லுவாங்களா?"