ஆவீஸ் நைனா தூக்கிய கார்

திருவொற்றியூரில் தூக்க முடியாத பொருள் என்று ஒன்று இருந்தால், அதை ஆவீஸ் நைனா இன்னும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். பார்த்திருந்தால் அது இந்நேரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர். ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். கோயிலில் ஞானஸ்நானத்தின்போது வைத்த பெயர் ஒன்று உண்டு; அதைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே யோசிப்பார். ஹார்பரில் கீழே நிற்கும் சிக்னல்காரர் "ஆவீஸ்" என்று குரல் கொடுத்தால் கிரேன்காரர் தூக்க வேண்டும். "ஆரியா" என்றால் இறக்க வேண்டும். "பஸ்" என்றால் அப்படியே நிறுத்த வேண்டும். முப்பது வருடம் இந்த மூன்று சொல்லுக்கே அசைந்த மனுஷர், வீட்டோடு வந்த பிறகும் நாலாவது சொல்லுக்கு அசையவில்லை. காலையில் கட்டிலை விட்டு எழுப்ப அவர் மனைவி பிலோமினா "ஆவீஸ்" என்று கத்துவாள். சோறு போடும்போது அவர் "பஸ்" என்று சொல்லும் வரை போட்டுக்கொண்டே இருப்பாள்.

இனி என் கார். என் வீட்டுக்காரர் வாடகைக்கு ஓட்டிய பழைய அம்பாசடர். அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாக வாசலில் நின்றது. உப்புக்காற்று அடிப்பக்கத்தைத் தின்றுவிட்டது. பின் சீட்டில் ஒரு பூனை மூன்று பிரசவம் பார்த்துவிட்டது. இருந்தாலும் நான் தினமும் துடைப்பேன். ஒருநாள் காலையில் பார்த்தால் முன் கண்ணாடியில் மாநகராட்சிக்காரர் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார். நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். காலையில் ஆரம்பித்து, உலை கொதிப்பதற்குள் முடித்துவிட்டேன். "கேட்பாரற்ற வாகனம்" என்று போட்டிருந்தது. முப்பது நாளில் எடுக்காவிட்டால் அவர்களே தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம்.

போகட்டும் என்று விட்டிருப்பேன். கேட்பாரற்ற என்ற சொல்தான் விடவில்லை. நோட்டீசைக் கண்ணாடியிலிருந்து உரித்துக் கையில் எடுத்துக்கொண்டு, அதை ஒட்டிய அதிகாரியைத் தேடிப் போனேன்.

"தம்பி, கேக்கறதுக்கு நான் ஒருத்தி கீறேன். இன்னா கேக்கணும், கேளு."

அவர் நல்ல பிள்ளை. எழுந்து நின்றுதான் பேசினார். "அம்மா, வண்டி ஓடணும், அவ்வளவுதான். தெருமுனை வரைக்கும் சொந்தமா போய்த் திரும்பி வரட்டும். நானே நோட்டீஸைக் கிழிச்சிடறேன்."

மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். படுத்துப் பார்த்துவிட்டு முதுகைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "ஆயா, இத்த கயிறு கட்டி இஸ்தா ரெண்டா பூடும். இங்கயே எங்கனா தூக்கி நிறுத்திதான் வேல செய்யணும். அதுக்கு எங்க போறது?"

தூக்கி என்ற சொல் சுவரைத் தாண்டிப் போய்விட்டது. அந்தப் பக்கத்திலிருந்து நைனாவின் தலை எழுந்தது.

"யாருப்பா அது, என்னிய வெச்சிகினே தூக்கறதுக்கு எங்க போறதுன்றது?"

நாலாம் நாள் அவர் வாசலில் லாரி வந்து நின்றது. பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒரு பட்டறையை மூடினார்களாம். அங்கே கார் தூக்கும் லிப்ட்டும், காற்றடைக்கும் கம்ப்ரசரும் வாங்கிவந்திருந்தார். லிப்ட்டு என்றால் பனைமரம் மாதிரி இரண்டு இரும்புத் தூண், ஆளுக்கு இரண்டு கை. நைனாவுக்குச் சொந்தமாக இருந்தது ஒரு சைக்கிள். அவர் வீட்டை ஒட்டி சிமெண்டு ஷீட்டு போட்ட ஷெட் ஒன்று சும்மா கிடந்தது. அதில் நிறுத்தப் போகிறாராம்.

பிலோமினா இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "கார் இல்லாத வூட்டுக்கு கார் தூக்கற மிசினு. நாளைக்கி இன்னா, கப்பலு இல்லாத வூட்டுக்கு நங்கூரமா?"

"இன்னா சைசு வோணும் சொல்லு, பாக்கலாம்," என்றார் நைனா.

தரையைத் தோண்டிக் காங்கிரீட் போட்டார். அது இருபத்தொரு நாள் காய வேண்டும் என்றார்.

"நைனா, கையில கீறதே முப்பது நாளு. அதுல நாலு பூட்ச்சி," என்றேன்.

"யக்கா, தூணு சாஞ்சா வண்டியும் பூடும், அடியில நிக்கிற நானும் பூடுவேன். என்னிய வுடு. வண்டிய அப்பால யாரு பாக்கறது?"

காலையும் மாலையும் அந்தத் தரைக்குத் தண்ணீர் ஊற்றினார். தெருவில் போனவர்கள் கீரை போட்டிருக்கிறார் என்று நினைத்து, கட்டு என்ன விலை என்று கேட்டார்கள்.

லிப்ட்டுக்குத்தான் காத்திருக்க வேண்டும், கம்ப்ரசருக்கு வேண்டாம் அல்லவா. டயருக்குக் காற்று, அடைத்த குழாயை ஊதித் திறக்கக் காற்று, துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றக் காற்று என்று அதற்கு வேலை நிறைய உண்டு. வண்டி மேலே ஏறும் வரை அது சும்மா இருப்பது நைனாவுக்குப் பொறுக்கவில்லை. அடுப்படி வரை குழாய் இழுத்துவிட்டார். பிலோமினா அரிசி புடைக்கும்போது, "முறம் எதுக்கு?" என்று காற்றைத் திறந்தார். உமி அவள் தலையில் தங்கியது. அரிசி என் வீட்டுக்கு வந்தது. இன்னொரு நாள், பங்குச் சாமியார் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து மின்விசிறியைச் சுத்தம் செய்தார். சாமியார் வெள்ளை அங்கியோடு உட்கார்ந்தவர், வேறு நிறத்தில் எழுந்து, ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

கடல்காற்றைப் பிடித்து அடைத்தால் உள்ளே தண்ணீர் சேருமாம். அதனால் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தொட்டியின் அடிக்குழாயைத் திறப்பார். அந்த 'புஸ்ஸ்' சத்தத்துக்கு எங்கள் தெரு நாய்கள் எல்லாம் எண்ணூர் பக்கம் குடிபோய்விட்டன.

தரை காய்ந்து, லிப்ட்டு நின்றபோது ஐந்து நாள் பாக்கி. மீன்பிடிக்கிற பிள்ளைகள் ஆறு பேர், படகைத் தள்ளுகிற மாதிரி, காரை உள்ளே தள்ளிவிட்டுப் போனார்கள். நைனா பொத்தான் அருகில் போய் நின்றார். தூக்கவில்லை.

"இன்னா நைனா?"

"சிக்னலு யாரு? சிக்னலு இல்லாம நான் தூக்கமாட்டேன். நீ நில்லு."

ஆள்காட்டி விரலை உயர்த்திச் சுற்றினால் ஆவீஸ். உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினால் ஆரியா. முஷ்டியை மூடினால் பஸ். கையும் வாயும் சேர்ந்து சொல்ல வேண்டும். அரை நாழியில் கற்றுக்கொண்டேன். நான் கற்றுக்கொள்ள முடியாததா?

"ஆவீஸ்!" என்றேன்.

கார் எழுந்தது. மூன்று வருடம் மண்ணில் பதிந்த சக்கரம் நாலும் தரையை விட்டன. நான் சக்கரத்தையே பார்த்தேன். நைனா என் கையையே பார்த்தார். கிரேன்காரர் அதைத்தான் பார்க்க வேண்டும். பிலோமினா கண்ணை மூடி மாதாவை வேண்டிக்கொண்டிருந்தாள். மேலே பார்க்க ஆள் இல்லை.

படார் என்று ஒரு சத்தம். சிமெண்டு ஷீட்டு பிளந்து பொலபொலவென்று கொட்டியது. எனக்கு அந்த மூன்றாவது சொல் மறந்துவிட்டது. சுற்றிய விரல் சுற்றிக்கொண்டே இருந்தது. விரல் நிற்கவில்லை என்பதால் நைனாவும் நிறுத்தவில்லை. என் வீட்டுக்காரருடைய அம்பாசடர் கூரைக்கு மேலே தலையை நீட்டித் திருவொற்றியூரைப் பார்த்தது.

"பஸ்ஸுனு சொல்லேன்டி!" என்று கத்தியவள் பிலோமினா.

"அத்த அவங்கதான் சொல்லணும்," என்றார் நைனா, பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல்.

ஒருவழியாகச் சொன்னேன். நின்றது.

"தூணு ஒசரத்த அளந்த, வண்டி ஒசரத்த அளந்த, கூரைய அளந்தியா?" என்று பிலோமினா கேட்டாள்.

நைனா ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்தார். "ஹார்பருல மேல இன்னாடி கீது? முப்பது வருசம் தூக்கினேன், ஒருநாளும் கூரை இடிச்சதில்ல."

தப்பு என் விரலுடையது என்று பிலோமினா இன்றும் சொல்கிறாள். கூரை அவர்களுடையது என்பதால் நான் பதில் பேசுவதில்லை.

அடுத்த நாலு நாளும் ஓட்டை வழியாக வந்த வெளிச்சத்தில், நைனாவும் மெக்கானிக்கும் அடியில் நின்று வேலை செய்தார்கள். பெட்ரோல் குழாயை ஊதினால் மணல் வந்தது. சீட்டுக்கடியில் ஊதினால் ஒரு மூக்குப்பொடி டப்பா உருண்டு வந்தது. அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டதாக என் வீட்டுக்காரர் பட்டினத்தார் கோயிலில் எனக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். டப்பாவை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

முப்பதாம் நாள் காலை, அதிகாரி இழுவை வண்டியோடு வந்துவிட்டார். என் கார் இன்னும் மேலே இருந்தது. நான் வாசலில் அவரை மறித்துக்கொண்டு நின்றேன்.

"சார், இறக்குங்க, பார்க்கலாம்," என்றார் அதிகாரி.

நைனா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. "உன் பேச்சுக்கெல்லாம் எறக்க முடியாது தம்பி. எனக்கு சிக்னலு அந்த அம்மாதான்."

முந்தானையைச் செருகிக்கொண்டு உள்ளே போனேன். உள்ளங்கையைக் கவிழ்த்தேன். "ஆரியா!" பூனைக்குட்டியைத் தாய் இறக்கி வைப்பதுபோலத் தரையில் வைத்தார். மூன்றாவது முறை சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்தது. புகையில் அதிகாரியைச் சற்று நேரம் காணவில்லை.

நைனாவிடம் லைசென்ஸ் இருந்தது. கார் ஓட்டும் பழக்கம்தான் இல்லை. ஆகவே நான் முன்னால் நடந்தேன். நான் கை காட்டினால் வண்டி வரும். முஷ்டியை மூடினால் நிற்கும். ஹாரன் அடித்த ஷேர் ஆட்டோவை ஒரு பார்வை பார்த்தேன், ஒதுங்கியது. தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தோம். அதிகாரி சொன்னபடி நோட்டீசை என்னிடம் வாங்கிக் கிழித்து, என் கையிலேயே கொடுத்தார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நைனா காரை எடுக்கிறார். முன்னால் பிலோமினா, பின்னால் நான். எண்ணூர் முகத்துவாரம் வரை போய் வருவோம். சைக்கிள்காரர்கள்கூட எங்களைத் தாண்டிப் போகிறார்கள். வேகமாகப் போகச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை.