கேள்வியோட்டம் பார்த்த தேங்காய்

கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் பட்டுப்புடவைக் கடை வாசலில் வரிசை நின்றால் ஆடித் தள்ளுபடி. நகைக்கடை வாசலில் நின்றால் அட்சய திருதியை. மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமையில், ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் வாசலில், ஆளுக்கொரு ஆங்கில இலக்கியப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அப்பன்மாரும் ஆத்தாமாரும் வரிசை நின்றால்? உள்ளே ஒரு தேங்காய் இருக்கிறது என்று பொருள்.

சிரிக்காதீர்கள். டெல்லி போர்டு நடத்துகிற பத்தாம் வகுப்புப் பரீட்சையில் எந்தப் பாடத்திலிருந்து கேள்வி வரும் என்று அந்தத் தேங்காய்க்குத் தெரியும். பாடம் நடத்துகிற டீச்சருக்குத் தெரியாது, படிக்கிற பிள்ளைக்குத் தெரியாது, தேங்காய்க்குத் தெரியும்! வரிசையில் டாக்டர் இருந்தார், மில் முதலாளி இருந்தார், பேங்க் மேனேஜர் இருந்தார். படிக்காதவர் என்று பார்த்தால் ஒருவரும் இல்லை.

தேங்காய்க்குச் சொந்தக்காரர் பாலுசாமி. நம் பக்கத்துக் காடு தோட்டக்காரர்களுக்கு அவரைத் தெரியும். நீரோட்டம் பார்க்கிறவர். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் நடப்பார். மண்ணுக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். நின்ற இடத்தில் போர் போடுவார்கள். தண்ணீர் வந்தால் பாலுசாமியின் மகிமை. புழுதி வந்தால் போர்லாரிக்காரன் கோணலாக ஓட்டிவிட்டான்.

ஆனாலும் அந்தத் தொழிலில் ஒரு பெரிய தொல்லை. சொன்னது பொய் என்றால் அன்று சாயங்காலமே புழுதி பறந்து ஊருக்கே தெரிந்துவிடும். பரீட்சை அப்படியா? மாசியில் சொன்ன பொய்க்கு சித்திரை கழிந்துதான் ரிசல்ட். ஆகவே நீரோட்டம் பாலுசாமி, கேள்வியோட்டம் பாலுசாமி ஆனார். அதிலும் ஆள் விவரம். கணக்குப் பாடத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அறிவியலைத் தொடவில்லை. பெற்றவர்களுக்குப் புரியாத பாடம், புரியாததாலேயே பயப்படுகிற பாடம் எது என்று பார்த்தார். இங்கிலீஷ் கவிதைக்கு என்ன பொருள் என்று பிள்ளை கேட்டுவிடுமோ என்று பயந்து, ராத்திரி சாப்பாட்டை டீவி முன்னால் முடித்துக்கொள்கிற அப்பன்மார் கோயமுத்தூரில் எத்தனை பேர்! அங்கேதான் ஓட்டம் இருக்கிறது என்று பாலுசாமி கண்டுபிடித்தார்.

முறை இதுதான். பலகைமேல் புத்தகத்தை வைக்க வேண்டும். பெற்றவர் ஒவ்வொரு பாடமாகப் புரட்ட வேண்டும். பாலுசாமி கண்ணை மூடிக்கொண்டு தேங்காயை மேலே பிடிப்பார். மூன்று பாடங்களில் தேங்காய் எழுந்து நிற்கும். அதோடு முடிந்ததா என்றால் இல்லை, பத்தியம் இருக்கிறது. மற்ற பாடங்களைப் பிள்ளை படிக்கவே கூடாது. படித்தால் ஓட்டம் கலைந்துவிடும். அதனால் தேங்காய் நிற்காத பக்கங்களையெல்லாம் சேர்த்து, சிவப்புக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிக் கொடுத்துவிடுவார். எந்தப் பாடத்தில் நின்றது என்பதை வெளியே சொல்லவும் கூடாது. சொன்னாலும் கலைந்துவிடும். பாலுசாமியின் ஓட்டத்துக்குக் கலைவதுதான் முக்கியத் தொழில்.

போன வருடம் ஒரு பெண்ணுக்குத் தேங்காய் நின்ற பாடத்திலிருந்தே பெரிய கேள்வி வந்ததாம். வராமல் என்ன செய்யும்? பிள்ளைக்குப் பிள்ளை வேறு வேறு பாடத்தில் நிறுத்தினால் யாராவது ஒருத்திக்கு வந்துதானே தீரும்? வந்தவள் மாலையோடு வந்தாள். வராதவர்களிடம், "மத்த பக்கத்தை எட்டிப் பாத்திருப்பே கண்ணு" என்று பாலுசாமி தலையை ஆட்டினார். அந்தப் பிள்ளைகள் அவமானத்தில் வாயைத் திறக்கவில்லை.

இந்த வரிசையில்தான் போத்தனூர் மயில்சாமியும் நின்று வந்தார். மயில்சாமிக்கு மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை. ஒரு பேரிங் வாங்கினால்கூட காதோரம் வைத்துச் சுழற்றிச் சத்தம் கேட்காமல் வாங்கமாட்டார். கம்பெனிக்காரன் சீல் போட்டுக் கொடுத்தாலும் நம்பமாட்டார். அப்படிப்பட்ட மனிதர், ஒரு தேங்காயைக் காதில் வைத்துக்கூடப் பார்க்காமல் நம்பிவிட்டார். மகள் சண்முகப்ரியா அரையாண்டில் ஆங்கில இலக்கியத்தில் ஃபெயில். முழுப் பரீட்சையிலும் போனால் பதினொன்றாம் வகுப்பு கிடையாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். மனிதர் ஆடிப்போனார். ஆடிப்போகிறவர்களைப் பிடிக்கத்தானே பாலுசாமி கடை விரித்திருக்கிறார்?

இத்தனைக்கும் அந்தப் பெண் தேறிக்கொண்டு வந்தாள். அதற்குக் காரணம் அவள் அம்மா எழில். எழிலுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டே, "இன்னிக்கு என்ன கதை? தமிழ்ல சொல்லு கண்ணு" என்பாள். ப்ரியா சொல்லுவாள். "அவன் ஏன் அப்படிப் பண்ணுனான்?" என்று எழில் மடக்குவாள். பதில் சொல்லப் ப்ரியா மறுபடி புத்தகத்தைப் பார்ப்பாள். இப்படியே பாதிப் புத்தகம் ஏறிவிட்டது. கண் தெரியாத ஒரு மணியடிக்கிறவர் கதை பாதியில் நின்றிருந்தது. புயலடிக்கிறது, கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை, கோபுரத்துப் படி இடிந்து கிடக்கிறது. கிழவர் ஏறுவாரா மாட்டாரா?

அந்த இடத்தில் மயில்சாமி சிவப்புக் கயிறு கட்டிய புத்தகத்தோடு வீட்டுக்குள் வந்தார்.

"அப்பா, மணியடிக்கிறவரு கதை பாதியில நிக்குதுங்கப்பா."

"அதுல தேங்கா நிக்கலை கண்ணு. உட்டுரு."

"எல்லாப் பாடத்துல இருந்தும் வரும்னு மிஸ் சொன்னாங்க."

"மிஸ்ஸுகிட்டத் தேங்கா இருக்குதா?"

எழில் அடுப்படியிலிருந்து வந்தாள். "ஏனுங்க, அன்னூர்ல எங்கண்ணன் தோட்டத்துல இதே தேங்காதான நின்னுச்சு? புழுதிதான வந்துச்சு?"

"அது லாரிக்காரன் கோணையா ஓட்டிப்போட்டான் அம்மணி."

"அப்ப இவ ஃபெயிலானா, பேனா கோணையா ஓடிருச்சும்பீங்களா?"

மயில்சாமிக்குக் கோபம் வந்துவிட்டது. நம்பிக்கை இல்லாதவர்கள் இருந்தாலே ஓட்டம் கலையும் என்று பாலுசாமி சொன்னதை எடுத்துச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து எழில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ப்ரியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் வெளிறிக் கிடந்தது. "அம்மா, கயித்துக்குள்ள விரலை உட்டு அந்தக் கதையை ஒரு பக்கம் எட்டிப் பாத்துட்டேன். ஓட்டம் கலைஞ்சிருக்குமுங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.

படிக்கவில்லையே என்று பிள்ளை அழுது எழில் பார்த்திருக்கிறாள். படித்துவிட்டேனே என்று ஒரு பிள்ளை அழுவதை அன்றுதான் பார்த்தாள். அடப் பாவிகளா, புத்தகத்தைத் திறப்பது குற்றம் என்று ஒரு பெண்ணை நம்பவைத்துவிட்டீர்களே! எழில் பிள்ளையின் கண்ணைத் துடைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று இருந்தாள்.

ஞாயிறன்று கணவனிடம், "புள்ளை கயித்துக்குள்ள எட்டிப் பாத்துட்டாளாமுங்க. இன்னொருக்கா ஓட்டம் பாத்துட்டு வந்தரலாம்" என்றாள். பெண்டாட்டிக்கு நல்ல புத்தி வந்துவிட்டது என்று மயில்சாமிக்கு ஒரே குஷி. பழுப்பு அட்டை போட்டு, மகள் பெயர் எழுதி லேபிள் ஒட்டிய புத்தகத்தை எழில் பையில் வைத்துக்கொண்டாள்.

மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. இவர்கள் முறை வந்ததும் எழில் பலகை முன்னால் பவ்வியமாக உட்கார்ந்தாள்.

"ஏனுங்க சாமி, போன தடவை ஊர்க்கண்ணு பட்டுப்போச்சுங்க. அதான் கலைஞ்சிருக்கும். இந்தத் தடவை புஸ்தகத்து மேல துண்டு போட்டுக்கறனுங்க. நான் துண்டுக்குள்ளயே கைவிட்டுப் பொரட்டறேன். நீங்கதான் எப்படியும் கண்ணை மூடிக்கறீங்களே."

பாலுசாமி கொஞ்சம் யோசித்தார். ஆனால் கூட்டம் யோசிக்கவில்லை. "அதுஞ்சரிதானுங்க, கண்ணு பொல்லாதது" என்று பின்னால் நின்ற டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். கண்திருஷ்டி இல்லை என்று பாலுசாமி எப்படிச் சொல்வார்? பிழைப்பு என்னாவது? தலையை ஆட்டினார்.

துண்டுக்கு அடியில் தாள் புரண்டது. பாலுசாமி கண்ணை மூடிக்கொண்டார். அரைக்கண் திறந்து பார்த்தாலும் துண்டுதான் தெரியும். கொஞ்ச நேரத்தில் தேங்காய் ஆடியது. எழுந்தது. கம்பீரமாக நின்றது. "ஆகா!" என்றது கூட்டம். எழில் அந்த இடத்தில் ஒரு செவ்வந்திப் பூவைச் செருகினாள். இன்னும் இரண்டு இடத்தில் நின்றது. இன்னும் இரண்டு பூ.

"இந்த மூணுதானுங்களா சாமி? மாறாதுங்களே?"

"மாறினா நான் இந்தத் தேங்காயையே தொடறதில்லை அம்மணி. மூணும் கட்டாயம் வரும். அதுலயும் நடுவுல நின்னுச்சு பாரு, அது நெடுவினா!"

எழில் துண்டை உருவினாள். முதல் பூ இருந்த பக்கத்தைத் திருப்பிக் கூட்டத்துக்குக் கேட்கும்படி வாசித்தாள்.

"மோட்டாரைப் போர்க்குழிக்குள் இறக்கும் முறை."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எழில் இரண்டாவது பூவுக்குப் போனாள். "கேபிள் இணைப்பில் கவனிக்க வேண்டியவை. இதுதானுங்க நெடுவினா." மூன்றாவது: "தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட்டக் கூடாது. ஓட்டினால் கம்பெனி பொறுப்பல்ல."

பழுப்பு அட்டையைக் கழற்றினாள். உள்ளே இருந்தது நீர்மூழ்கி மோட்டார் கையேடு. மயில்சாமி கடையில் மோட்டாரோடு சும்மா கொடுக்கிறது. தேங்காய் பாவம், பழைய தொழிலை மறக்கவில்லை!

பின்வரிசையில் ஒரு பையன் சிரித்தான். அப்புறம் மண்டபமே சிரித்தது.

பாலுசாமி எகிறினார். "சாமி காரியத்துல ஏமாத்திப்போட்டியே, நீ நல்லா இருப்பியா?"

"நான் ஏமாத்துனது உங்களையுங்க. தேங்காயை ஆரு ஏமாத்துனா? பாறைக்கு அடியில இருக்கற தண்ணி அதுக்குத் தெரியும், டெல்லியில பூட்டி வெச்சிருக்கற கேள்வித்தாள் தெரியும். ஒரு துண்டுக்கு அடியில இருக்கற மோட்டாரு தெரியாதுங்களா?"

மயில்சாமிக்கு முகம் சிவந்துபோயிருந்தது. மெதுவாகக் குனிந்து பலகைமேல் கிடந்த தேங்காயை எடுத்தார். பேரிங்கைப் பார்க்கிற மாதிரி உருட்டி உருட்டிப் பார்த்தார். உள்ளங்கையில் படுக்கவைத்தார். விரலைக் கொஞ்சம் மடக்கினார், மணிக்கட்டைத் தாழ்த்தினார். தேங்காய் எழுந்து நின்றது. கழற்றிப் போட்டிருந்த செருப்புகளின் மேலே போய்ப் பிடித்தார். அங்கேயும் நின்றது. டாக்டரம்மாவின் கைப்பைக்கு மேலும் நின்றது.

"சீ! நானும் ஒரு மனுசன்னு வரிசையில நின்னேனே" என்றார் மயில்சாமி.

கூட்டம் பாலுசாமியைத் தேடியபோது, அவர் பந்திக் கூடத்துப் பின்வாசல் வழியாகக் கலைந்து போயிருந்தார். அவர் ஓட்டம் நிஜமாகவே கலைந்த ஒரே நாள் அதுதான்.

எல்லாருக்கும் புத்தி வந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். பேங்க் மேனேஜர் எழில் பக்கத்தில் வந்து ரகசியமாகக் கேட்டார்: "அது காங்கயத்துத் தேங்காங்க. பொள்ளாச்சித் தேங்காயா இருந்தா சரியா நிக்குமுங்களா?"

எழில் தேங்காயைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் மயில்சாமியே கத்தரிக்கோல் எடுத்துச் சிவப்புக் கயிற்றை வெட்டினார். "எட்டிப் பாத்தது தப்பில்ல கண்ணு. கட்டுனதுதான் தப்பு" என்றார். ப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைத் தேடினாள். மறுநாள் காலை இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி. அப்பனும் ஆத்தாளும் தட்டில் கைவைத்தபடி காத்திருக்க, இடிந்த படியில் கிழவர் எப்படி ஏறினார், மணி எப்படி அடித்தது, படகுகள் எப்படிக் கரை சேர்ந்தன என்று ப்ரியா தமிழில் சொல்லி முடித்தாள். "கண்ணு தெரியாத மனுசன் எதுக்கு ஏறுனாரு?" என்று இந்தத் தடவை மடக்கியது மயில்சாமி. பாலுசாமியின் தேங்காய் ஒரு மாணவிக்கு உபயோகப்பட்டது அன்றுதான், அதுவும் அரைத்த பிறகு.

பெற்றவர்களே, பொள்ளாச்சித் தேங்காய் தேடிக் கிளம்பிவிடாதீர்கள். ஏறக்குறைய அதே அளவில் ஒன்று உங்கள் கழுத்துக்கு மேலேயே இருக்கிறது. அதைக் கொஞ்சம் புத்தகப் பக்கத்தின் மேல் பிடித்துப் பாருங்கள்.