கார்பன் சித்தரின் செப்புக் கலசம்

பெங்களூர் அல்சூர் ஏரிப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் அன்று கல்யாணம் இல்லை. ஆனாலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஒசகோட்டே, ஆனேக்கல் பக்கத்து விவசாயிகள் டெம்போ டெம்போவாக வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவர் கையிலும் மஞ்சள் துணியில் முடிந்த வயல் மண். எல்லாம் கார்பன் சித்தர் சேஷகிரி சுவாமிகளைப் பார்க்கத்தான். பழைய சாமியார்கள் செவ்வாய் தோஷம் பார்த்தார்கள். இவர் கார்பன் தோஷம் பார்க்கிறார். காலத்துக்கேற்ற முன்னேற்றம் வேண்டாமா!

மர்பி டவுன் சரளாவும் புருஷன் அய்யாவு கூட வரிசையில் நின்றாள். ஒசகோட்டே அருகே இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் கீரையும் தக்காளியும் போடுகிறவர்கள். கார்பனைக் குறைத்துப் பயிர் செய்தால் கூடுதல் விலை தருவதாக ஒரு காய்கறிக் கம்பெனி சொல்லியிருந்தது. அதற்காகச் சரளா இரண்டு வருஷமாகச் சருகைக் கொளுத்தாமல் மண்மேல் பரப்பி மூடாக்குப் போட்டாள். டீசல் பம்பை விட்டு சோலாருக்கு மாறினாள். இரண்டு பசுக்களின் சாணத்தில் கேஸும் உரமும் எடுத்து, யூரியாவைப் பாதியாக்கினாள். அய்யாவுக்குத்தான் பொறுமை இல்லை. சித்தர் ஒரே நாளில் முடித்துத் தருகிறாராமே!

"மாடு ஏப்பம் விட்டாலே தோஷமாம். ரெண்டையும் வித்துட்டு சாமிகிட்ட செப்புக் கலசம் வாங்கி வயல்ல நட்டா போதும்" என்றான் அய்யாவு.

"ஏப்பத்துல வாயு வருது, நெஜந்தான். அதுக்குச் செம்பு இன்னா பண்ணும்? அப்புறம் உரத்துக்கு? சாமி வந்து சாணி போடுவாரா?"

"வாயக் கழுவுடி!"

வாசலில் மாட்டுத் தரகர் கிருஷ்ணப்பா வண்டியோடு நின்று, "பேக பன்னி, பேக பன்னி" என்று கன்னடத்தில் எல்லாரையும் சீக்கிரம் வரச்சொல்லி அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். பக்தி என்றால் இப்படியல்லவா முன்னேற்பாடு இருக்க வேண்டும்!

மேடையில் சித்தர் ஒருவரின் மண்ணைத் தட்டில் கொட்டினார். பக்கத்தில் கருவியை வைத்தார். கருவி அசல்தான், காற்றிலுள்ள கரியமில வாயுவை அளப்பது, கடையில் கிடைப்பது. அதன் தலைக்கு மேலேயே குனிந்து முழு மூச்சில் மந்திரம் சொன்னார். எண் ஏறியது, ஏறியது... சிவப்பு விளக்கு பளிச்! கூட்டம் "ஐயோ!" என்றது. பிறகு கலசத்தை வைத்தார். சுவாமிகள் மௌனம். சிஷ்யன் கிஷோர் மயில்தோகையால் வீசினான். எண் மெல்ல இறங்கிப் பச்சை விளக்கு. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அடுத்து வந்த மூன்று பேர் மண்ணுக்கும் இதே கதைதான்.

"பாத்தியா! நான் கிருஷ்ணப்பாகிட்ட பேசிட்டு வரேன்" என்று அய்யாவு திரும்பினான்.

சரளா கூப்பிட்டும் அவன் நிற்கவில்லை. மூத்த பசு சினை வேறு. ஆனால் நாலு பேர் மண்ணையும் அவள் கவனித்துவிட்டாள். நாலு தடவையும் சாமி பேசினால் ஏறியது. வாயை மூடினால் இறங்கியது. விடுவிடுவென்று மேடையேறினாள்.

"சாமி, சின்ன டவுட்டு. தட்டுல மண்ணே இல்லாம ஒருவாட்டி மந்திரம் சொல்லுங்க."

"மண் இல்லாமல் தோஷம் எப்படித் தெரியும் அம்மா?"

"தெரியாதில்ல? அதான் பாக்கணும்."

"இப்போது நட்சத்திரம் சரியில்லை."

சரளா நட்சத்திரத்துக்குக் காத்திருக்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டுக் கருவிமேல் குனிந்தாள். "செவப்பி, கறுப்பி! செவப்பி, கறுப்பி!" என்று தன் மாடுகளின் பெயரையே மூச்சு முட்டச் சொன்னாள். சிவப்பு விளக்கு பளிச்! வாயை மூடி முந்தானையால் வீசினாள். பச்சை! கலசத்தைத் தொடவேயில்லை.

"மனுசன் மூச்சுல கரியமில வாயு வரும்னு இஸ்கூல் புள்ளைக்குத் தெரியும். தோஷம் மண்ணுல இல்ல சாமி, உங்க வாயில!"

மண்டபம் அதிர்ந்தது. நாலு பேர் மேடையேறி ஊதிப் பார்த்தார்கள். நாலு பேருக்கும் சிவப்பு. சுவாமிகளுக்குத் திடீரென்று தியான நேரம் வந்துவிட்டது. சிஷ்யனோடு பின்வாசல் வழியாக ஓடிச் சுற்றி வந்து, மாடு ஏற்ற வந்த வண்டியிலேயே ஏறிப் போனார்.

அய்யாவு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். "நல்லவேளை, இன்னும் வெலை பேசல சரளா."

அதற்குள் ஒருவர் அவள் காலில் தடாலென்று விழுந்தார். "அம்மா! கலசமே இல்லாம விளக்கை மாத்தினீங்களே! நீங்கதான் நெஜமான சக்தி!" பின்னால் ஏழெட்டு மஞ்சள் முடிச்சுகள் நீண்டன.

சரளா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"என் கால்ல இன்னாய்யா தேடற? என் மாடு தப்பிச்சுது. உன் கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கு பாரு, அதையாவது எவன்கிட்டயும் வித்துடாம வீட்டுக்கு எடுத்துட்டுப் போ!"