பத்துக்குப் பத்து

ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். வெள்ளிக்கிழமை காலைதான் யாமினிக்குத் தெரிந்தது, வைஷாலியின் ஜாதகம் வைஷாலியுடையதே இல்லை என்று.

சிராங்கூன் ரோட்டு மாடியில் ரத்தினம்மா நடத்தும் கல்யாண சென்டரில் யாமினிக்குக் கம்ப்யூட்டர் பொறுப்பு. ஆட்களுக்கு ஒரு பட்டியல், ஜாதகங்களுக்கு ஒரு பட்டியல். இரண்டையும் பெயரை வைத்து இணைத்திருந்தாள். பிடோக் வட்டாரத்தில் ஒரு வைஷாலி, ஈசூன் வட்டாரத்தில் ஒரு வைஷாலி என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? முதலில் பதிந்த பிடோக் பெண்ணின் ஜாதகத்தை ஈசூன் பெண்ணுக்கு ஒட்டி, மாப்பிள்ளை ஷங்கருக்குப் பத்துக்குப் பத்துப் பொருத்தம் என்று அடித்துக் கொடுத்துவிட்டது. அந்தத் தாளைப் பார்த்துத்தான் ஷங்கரின் அம்மா சம்மதித்திருந்தார்.

பதிய வந்த அன்று ஈசூன் வைஷாலி ஒரே கேள்விதான் கேட்டாள், ஜாதகத்தைப் பெயரை வைத்துத்தான் தேடுவீர்களா என்று. பொறுப்பான பெண் என்று யாமினி மெச்சிக்கொண்டாள்.

விஷயம் வெளியே வந்தால் கல்யாணமும் போகும், தன் வேலையும் போகும். யாமினி அவசரமாகப் பெயரைத் தூக்கிவிட்டு, கைப்பேசி எண்ணால் இணைத்தாள். திவ்யதர்ஷினிக்கும் அவள் தம்பி திலீப்புக்கும் அப்பா ஒரே எண்ணைக் கொடுத்திருந்தார். பத்தரை மணிக்கு ஒரு மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது.

"பொண்ணு ஜாதகத்துல 'ஆண் மகவு ஜனனம்'னு போட்டிருக்கே, என்னம்மா இது?"

அடுத்து வரிசை எண். முதல் ஆளுக்கு முதல் ஜாதகம், இரண்டாம் ஆளுக்கு இரண்டாவது. அரை மணி நேரம் நன்றாகத்தான் ஓடியது. உதவி செய்கிறேன் என்று ரத்தினம்மா ஆட்கள் பட்டியலை மட்டும் அகரவரிசையில் அடுக்கினார். நானூறு பேரின் தலையெழுத்தும் ஒரே நொடியில் மாறியது. அறுபத்திரண்டு வயது வேலாயுதத்துக்கு இருபத்தாறு வயதுக்காரனின் ஜாதகம் வந்தது. அவர் மட்டும் புகார் சொல்லவில்லை.

ரத்தினம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். யாமினி டீயைக்கூடத் தொடாமல் பழைய கோப்புகளை இறக்கினாள். ஆளுக்கு ஓர் எண். போன் மாறினாலும் வீடு மாறினாலும் பட்டியலையே தலைகீழாக்கினாலும் அது மாறாது, இன்னொருவருக்கும் போகாது. அதே எண்ணை அவரவர் ஜாதகத்திலும் ஏற்றினாள். மாலை ஐந்து மணிக்கு நானூறு ஜாதகங்களும் சொந்தக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தன. வேலாயுதத்துக்கு வயது திரும்பியது. யாமினிக்கு மேசை மேல் ஏறி ஆட வேண்டும் போலிருந்தது. ரத்தினம்மாவே தேக்கா சந்தைக்கு இறங்கிப் போய் வடை வாங்கி வந்தார்.

ஆனால் ஈசூன் வைஷாலிக்கும் ஷங்கருக்கும் இப்போது பத்துக்கு மூன்றுதான். மறைக்க யாமினிக்கு மனம் வரவில்லை. வைஷாலியை வரவழைத்து, தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

வைஷாலி ஒரு வடையை எடுத்துக் கடித்தாள்.

"தெரியும்க்கா. பாலிடெக்னிக்ல நான் இந்தப் பட்டியல் இணைக்கிற பாடத்தைத்தான் கிளாஸ் எடுக்கிறேன். ஷங்கரும் நானும் மூணு வருஷமா பழகுறோம் லா, அவங்கம்மாவுக்குத்தான் பத்துக்குப் பத்து வேணும். பிடோக் வைஷாலி என் ஃபிரெண்டு. அவ ஜாதகம் ஷங்கருக்குப் பத்துக்குப் பத்துன்னு பார்த்துட்டு, அவளை இங்க முதல்ல பதிய வச்சதே நான்தான்."